ஐவிஎஃப் சிகிச்சை: முதல் ஆலோசனையிலிருந்து கருத்தரிப்புச் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மயக்கம் தெளியும் நேரத்தில் "பன்னிரண்டு முட்டை கிடைத்திருக்கிறது" என்று செவிலியர் சொல்வதைக் கேட்டு மகிழ்ந்த ஒரு பெண்ணுக்கு, ஐந்தாறு நாட்கள் கழித்து "மூன்று கருக்களை உறைய வைத்திருக்கிறோம்" என்று தொலைபேசியில் தகவல் வரும்போது, மீதி ஒன்பதும் எங்கே போயின என்ற கேள்வி எழாமல் இராது. பெரும்பாலும் எங்கேயும் தவறு நடந்திருக்காது. ஐவிஎஃப் எனப்படும் சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு முறையில், ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதுதான் இயல்பு. எந்தப் படியில் எவ்வளவு குறையும், அப்போது மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்னரே அறிந்து வைத்திருந்தால், அந்தத் தொலைபேசி அழைப்பைச் சற்று நிதானமாக எதிர்கொள்ளலாம். இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், சிகிச்சைக்குச் செல்லவிருக்கும் தம்பதியரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை இந்தச் சிகிச்சையின் வரலாறே காட்டுகிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், மருந்து எதுவுமின்றி இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு கருமுட்டையிலிருந்து உருவானவர். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா என்று அறியப்பட்ட குழந்தை சோதனைக் குழாய் முறையில் பிறக்கக் காரணமாக இருந்த மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், ஊசி மருந்தால் பல முட்டைகளை வளர்த்தெடுத்து, உருவான கருவை உறைய வைத்துப் பின்னர் கருப்பையில் வைத்ததாக அறிவித்தார். அவரை அன்றைய அதிகார அமைப்புகள் நம்பவில்லை. 1981ஆம் ஆண்டு அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் நடக்கும் சிகிச்சை, பல முட்டைகள், உறைய வைத்த கரு என்ற இரண்டு வகையிலும் அவருடைய வழியைத்தான் ஒத்திருக்கிறது.

யாருக்கு இது தேவை

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். பரிசோதனைக்குச் சென்ற உடனே ஐவிஎஃப் என்று பொருளில்லை. முட்டை வெடிப்பதில் மட்டும் சிக்கல் இருப்பவர்களுக்கு மாத்திரையே பல வேளைகளில் போதுமானதாக இருக்கும். கணவரின் விந்தணுக்களைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ முறையில் கருத்தரிப்பு உடலுக்குள்ளேயேதான் நிகழ்கிறது. ஐவிஎஃப் முறையில் முட்டையும் விந்தணுவும் ஆய்வகத்தில் சேர்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "மூன்று முறை ஐவிஎஃப் செய்தும் பலனில்லை" என்று சொல்பவர்கள் பலர் உண்மையில் மூன்று முறை ஐயுஐ செய்தவர்களாக இருப்பார்கள். இரு கருக்குழாய்களும் அடைபட்டிருப்பது, விந்தணுக்கள் மிகக் குறைவாக இருப்பது, கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் கடுமையாக இருப்பது, ஐயுஐ பலமுறை தோற்றது, வயதின் காரணமாகக் காத்திருக்க இயலாத நிலை ஆகியவை ஐவிஎஃப் பரிந்துரைக்கப்படுவதற்கான முக்கியக் காரணங்கள்.

தொடங்குவதற்கு முன் செய்யும் சோதனைகள்

முதலில் செய்ய வேண்டியது கணவரின் விந்துப் பரிசோதனை. அது மலிவானது, வலியில்லாதது, ஒரே நாளில் முடிவு தெரிவது. இருந்தும் மனைவி கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று எல்லாவற்றையும் முடித்த பிறகே கணவர் சோதனைக்கு வருகிற குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள் என்பது கீழ் வரம்பு. ஒரு முறை குறைவாக வந்தால் அதை வைத்து முடிவு செய்யாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கடுமையான காய்ச்சல் ஒன்று வந்து போனாலும் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு எண்ணிக்கை குறைந்திருக்கலாம்.

மனைவிக்கு, சினைப்பையில் சுரக்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனையும், மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேனும் செய்யப்படும். இவை சினைப்பையில் எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும் என்பதைக் காட்டுமே தவிர, அவற்றின் தரத்தைக் காட்டா. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயதுதான். ஏஎம்எச் குறைவாக உள்ள 28 வயதுப் பெண்ணுக்கு, ஏஎம்எச் நன்றாக உள்ள 42 வயதுப் பெண்ணைவிட ஒவ்வொரு முட்டையிலும் கூடுதல் நம்பிக்கை உண்டு. தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஆகியவற்றுக்கான சோதனைகளும் பட்டியலில் இருக்கும். நம் நாட்டில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறப்புறுப்புகளில் வரும் காசநோய், இருமலோ காய்ச்சலோ இல்லாமல் கருக்குழாயையும் கருப்பையின் உட்சவ்வையும் கெடுத்துவிடக்கூடியது. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்து, உறுதியானால் அதற்கான சிகிச்சையை முடித்த பிறகே மேலே செல்ல வேண்டும். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து வெற்றி வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்பதால், கரு வைப்பதற்கு முன்பு அந்தக் குழாயை நீக்கவோ அடைத்துவிடவோ பரிந்துரைப்பார்கள். "ஐவிஎஃபுக்குக் குழாயே தேவையில்லையே, பிறகு எதற்கு அறுவைச் சிகிச்சை?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

கையெழுத்தும் கட்டணமும்

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மனைவி 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள்ளும், கணவர் 21 வயதுக்கு மேல் 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும்; மருத்துவமனை பதிவு பெற்றிருக்க வேண்டும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும்; கருக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமிக்கக் கூடாது. தானமாகப் பெறும் கருமுட்டை பதிவு பெற்ற வங்கி வழியாகவே வர வேண்டும் என்றும், 23 முதல் 35 வயதுக்குள் உள்ள ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அதே 2022ஆம் ஆண்டு ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை வெளிவந்தது. பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி நீங்கள் கேட்பதில் தயங்க வேண்டிய காரணம் ஏதும் இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தனியார் மருத்துவமனைகளில் ஒரு சுற்றுக்குப் பொதுவாக 1.5 லட்சம் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை ஆகிறது. இதைத் தாண்டுவதும் உண்டு. விளம்பரத்தில் வரும் தொகுப்புக் கட்டணத்தில் எவை அடங்கா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி மருந்துகள், முட்டைக்குள் விந்தணுவை நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறை, கருக்களை உறைய வைத்தல், ஆண்டுச் சேமிப்புக் கட்டணம், பிறகு உறைந்த கருவை வைப்பதற்கான கட்டணம் ஆகிய ஐந்தும்தான் வழக்கமாக வெளியே நிற்பவை.

ஊசி நாட்கள்

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஃபாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பைகள் பல ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் முந்திச் சென்று முட்டையை வெளியிட, மற்றவை வாடி மறைந்துவிடுகின்றன. தினமும் போடப்படும் ஹார்மோன் ஊசி, வாடிப் போகவிருந்த அந்த மற்றவற்றையும் வளர வைக்கிறது. எனவே ஊசி போடுவதால் முட்டைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும், மாதவிலக்குச் சீக்கிரம் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும்; பெரும்பாலானவர்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் வரை தொடரும். தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியால் போடுவதால், ஒரு முறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். அன்றாடம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போட வேண்டும். மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் உறையும் தட்டில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊராக இருந்தால் இதையும் செவிலியரிடம் சொல்லி வழி கேளுங்கள். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு, முட்டை தானாகவே வெடித்துவிடாமல் தடுக்கும் இன்னொரு ஊசியோ மாத்திரையோ சேரும்.

இந்த நாட்களில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை ஸ்கேனுக்கு வர வேண்டியிருக்கும். ஃபாலிக்கிள்கள் நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும். எல்லாம் ஒரே அளவில் வளர்வதில்லை. எண்ணிக்கையின் முதல் இழப்பு இங்கே தொடங்குகிறது. ஸ்கேனில் பதினைந்து தெரிந்தாலும் அவற்றுள் சில, பயன்படும் அளவை எட்டாமலே நின்றுவிடும். வயிறு உப்புசம், மார்பில் வலி, காரணமில்லாத அழுகை ஆகியவை இந்த நாட்களில் சாதாரணம். உள்ளூரிலேயே சிகிச்சை அமையாமல் சென்னைக்கோ கோவைக்கோ பேருந்தில் வந்து போகிறவர்கள், இந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு விடுப்பு, தங்குமிடம் இரண்டையும் முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

ட்ரிகர் ஊசி: கடிகாரம் பார்த்துப் போட வேண்டிய ஒரே ஊசி

இரண்டு மூன்று ஃபாலிக்கிள்களாவது 17 அல்லது 18 மில்லிமீட்டரை எட்டியதும், முட்டைகளைக் கடைசியாக முதிரச் செய்யும் ட்ரிகர் ஊசி போடப்படும். அதற்குப் பிறகு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுத்துவிட வேண்டும். புதன்கிழமை காலை 9 மணிக்கு அறுவை அரங்கம் என்றால் திங்கள்கிழமை இரவு 9 மணிக்கு ஊசி. ஒரு மணி நேரம் முன்பின் ஆகிவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அரங்க நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும். தாமதத்தை மறைத்தால் முதிராத முட்டைகள் கிடைக்கலாம். ஊசியை முன்னதாகவே போட்டுவிட்டு அதை மறைத்தால் முட்டைகள் எடுப்பதற்கு முன்பே வெடித்துப் போயிருக்கலாம்.

முட்டை எடுக்கும் நாளை அஷ்டமி, நவமி பார்த்துத் தள்ளி வைக்க முடியுமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஃபாலிக்கிள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஆனால் உறைய வைத்த கருவைப் பின்னர் வைக்கும்போது ஓரிரு நாட்கள் நெகிழ்வு இருக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முட்டை எடுத்தல்

முந்தைய இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். லேசான மயக்கத்தில், பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தப்படும் ஸ்கேன் கருவியின் துணையோடு, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு ஃபாலிக்கிளிலிருந்தும் நீர் உறிஞ்சப்படும். வயிற்றில் வெட்டோ தையலோ கிடையாது. இருபது முப்பது நிமிடங்களில் முடிந்துவிடும். மாலைக்குள் வீடு திரும்பலாம். அதே காலையில் கணவர் விந்து மாதிரி தர வேண்டும். பதற்றத்தால் அன்று கொடுக்க முடியாமல் போகிற கணவர்கள் உண்டு. இது வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை. அந்த ஐயம் இருந்தால் முன்னதாகவே ஒரு மாதிரியை உறைய வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஒன்றிரண்டு வாரங்களுக்குக் கவனிக்க வேண்டிய ஆபத்து, சினைப்பை மிகையாகத் தூண்டப்படும் நிலை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் ஏஎம்எச் மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது, வயிறு வேகமாக வீங்குவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, விடாத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ட்ரிகர் மருந்தை மாற்றியும், அந்தச் சுற்றில் கரு வைக்காமல் எல்லாவற்றையும் உறைய வைத்தும் இந்த ஆபத்தை இப்போது பெருமளவு குறைக்கிறார்கள். உங்களுக்குக் கருவை உடனே வைக்காமல் தள்ளிப்போட்டால் அதற்கான காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

ஆய்வகத்தில் ஐந்து நாட்கள்

தம்பதியர் எதையும் செய்ய இயலாமல் காத்திருக்கும் இந்த நாட்களில்தான் எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது. தொடக்கத்தில் சொன்ன பன்னிரண்டையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்பது அல்லது பத்துதான் முழுமையாக முதிர்ந்திருக்கும். விந்தணுக்கள் நன்றாக இருந்தால் முட்டையோடு அவற்றை ஒரே தட்டில் விட்டுத் தாமே சேர விடுவார்கள். குறைவாக இருந்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை நுண்ணூசியால் செலுத்துவார்கள். 1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட இந்த இக்ஸி முறை, விந்தணுக் குறைபாட்டுக்கான சிகிச்சையையே மாற்றிவிட்டது. விந்தணுக்கள் இயல்பாக இருக்கும்போதும் இக்ஸியையே எல்லாருக்கும் செய்கிற மருத்துவமனைகள் பல. அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதால், உங்களுக்கு ஏன் தேவை என்று கேட்கலாம்.

அடுத்த நாள் காலையில், சேர்ந்து 16 முதல் 18 மணி நேரம் கழித்து, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு உட்கருக்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். நம் கணக்கில் ஏழு முட்டைகள் இதில் தேறும். இரண்டாம் நாள் நான்கு செல்கள், மூன்றாம் நாள் எட்டு செல்கள் என வளரும் கரு, ஐந்தாம் நாளில் சுமார் நூறு செல்கள் கொண்ட பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது. மூன்றாம் நாள் வரை கரு பெரும்பாலும் முட்டையின் சேமிப்பிலேயே ஓடுகிறது. அதன் பிறகுதான் தன் சொந்த மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்குகிறது. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே பல கருக்கள் நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏழில் மூன்று தேறினால் அது நல்ல விளைச்சல். உடலுக்குள் நடக்கும் இயற்கைக் கருத்தரிப்பிலும் இதே அளவுக்கு இழப்பு உண்டு. அது யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

"4ஏபி" போன்ற ஒரு தரக்குறியீடு உங்கள் அறிக்கையில் இருக்கும். எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும், முதல் எழுத்து குழந்தையாக மாறும் உட்செல்களையும், இரண்டாம் எழுத்து நஞ்சுக்கொடியாகும் வெளிச்செல்களையும் குறிக்கின்றன. ஏ குறியீடு பெற்ற கரு தோற்பதும் சி குறியீடு பெற்றது குழந்தையாவதும் உண்டு. கருவின் குரோமோசோம்களைச் சோதிக்கும் வசதியும் இருக்கிறது; எல்லாருக்கும் அது தேவைப்படாது. அந்தச் சோதனையில் கரு ஆணா பெண்ணா என்பது ஆய்வகத்துக்குத் தெரியக்கூடும் என்றாலும், அதைச் சொல்வதும் அதன்படி தேர்வு செய்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கருவைக் கருப்பையில் வைத்தல்

எடுத்த அதே சுற்றிலும் வைக்கலாம், உறைய வைத்துப் பின்னொரு மாதத்திலும் வைக்கலாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கப்படும் கருக்களில், இன்றைய அதிவேக உறைய வைக்கும் முறையில், பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்து மீள்கின்றன. உறைந்த கருவை வைக்கும் மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளால் கருப்பையின் உட்சவ்வை ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு வளர்த்து, பிறகு, கரு பதிய அந்தச் சவ்வைத் தயார்ப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தைத் தொடங்குவார்கள். பிளாஸ்டோசிஸ்ட் என்றால் அதைத் தொடங்கிய ஆறாம் நாள் கரு வைக்கப்படும். நல்ல நாள் பார்க்க விரும்புகிறவர்கள், புரோஜெஸ்டிரோன் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தொடங்கிய பின் தேதி நகராது.

வைப்பது சில நிமிட வேலை. மயக்கம் தேவைப்படுவதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வயிற்று ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அந்த நிமிடங்களில் பலருக்கும் நினைவில் நிற்பது அந்தச் சிறுநீர் அவசரம்தான்.

எத்தனை கரு என்பதில் மட்டும் குடும்பத்தின் அழுத்தத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். "இரட்டைக் குழந்தையென்றால் ஒரே செலவில் முடிந்துவிடும்" என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிறப்பும், தாய்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வாய்ப்பும் தெளிவாகக் கூடுகின்றன. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் கழிந்தால் மிச்சமான செலவு எதுவும் மிச்சமாக இராது. நல்ல பிளாஸ்டோசிஸ்ட் ஒன்றை வைத்து மற்றதைச் சேமிப்பதே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது.

காத்திருக்கும் நாட்கள்

கரு வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. படுக்கை ஓய்வால் வெற்றி கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுந்து நடந்தால் கரு விழுந்துவிடாது. படிக்கட்டு ஏறினாலும், ஆட்டோவில் குலுங்கினாலும் விழாது. பளு தூக்குவதை மட்டும் தவிர்த்து, வீட்டில் எப்போதும் உண்ணும் உணவை உண்டு, அலுவலகமும் போகலாம். புரோஜெஸ்டிரோனைச் சொன்ன நேரத்தில் தவறாமல் எடுப்பதுதான் இந்த நாட்களின் உண்மையான வேலை. அந்த மருந்தே மார்பு வலி, தூக்கம், வயிறு உப்புசம் என்று கர்ப்பத்தின் அறிகுறிகளை எல்லாம் தரும் என்பதால், அறிகுறி இருப்பதையோ இல்லாததையோ வைத்து எதையும் கணிக்க முடியாது. லேசான இரத்தக் கசிவைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள், கர்ப்பத்தைக் காட்டும் எச்சிஜி ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி இரத்தப் பரிசோதனை நடக்கும். முட்டை எடுத்த அதே சுற்றில் கரு வைத்தவர்கள் வீட்டில் முன்னதாகச் சிறுநீர்ச் சோதனை செய்து பார்த்தால், ட்ரிகர் ஊசியில் இருந்த எச்சிஜியே இன்னும் உடலில் இருந்து பொய்யாக இரு கோடு காட்டக்கூடும். முதல் அளவைவிட, இரண்டு மூன்று நாட்களில் அது இரட்டிப்பாகிறதா என்பதே முக்கியம். பிறகு ஆறு ஏழு வாரக் கணக்கில் இதயத் துடிப்பைப் பார்க்க ஸ்கேன். ஐவிஎஃபிலும் கரு கருக்குழாயில் தங்கிவிட வாய்ப்புண்டு. ஒரு பக்க வயிற்று வலியும் தலைச்சுற்றலும் வந்தால் தாமதிக்கக் கூடாது. ஐந்தாம் நாள் கருவை வைத்தவர்கள், வைத்த நாளோடு 261 நாட்களைக் கூட்டினால் பிரசவத் தேதி கிடைக்கும்.

பலிக்காமல் போனால்

கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்கான பிரிட்டனின் கண்காணிப்பு ஆணையம் வெளியிடும் கணக்குகளில், 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு வைக்கப்படும் ஒரு கரு குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் அது நூற்றுக்குப் பத்தைக்கூட எட்டுவதில்லை. 70 விழுக்காடு, 80 விழுக்காடு என்று பலகையில் எழுதியிருந்தால், அது எதன் விழுக்காடு என்று கேளுங்கள். பீட்டா எச்சிஜி ஏறியவர்களா, துடிப்புத் தெரிந்தவர்களா, குழந்தையோடு வீடு திரும்பியவர்களா? எந்த வயதினர்?

ஒரு சுற்று தோற்றதும் மருத்துவரோடு உட்கார்ந்து பேச நேரம் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எவ்வளவு போடப்பட்டது, எத்தனை முட்டைகள் முதிர்ந்திருந்தன, எத்தனை சேர்ந்தன, எந்த நாளில் எத்தனை வளராமல் நின்றன, உட்சவ்வின் தடிமன் எவ்வளவு என்பவை அடங்கிய சுருக்கத்தைத் தாளில் பெற்றுக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும் அந்த ஒரு தாள் பல மாதங்களை மிச்சப்படுத்தும். கருப்பை உட்சவ்வைச் சுரண்டுதல், நோயெதிர்ப்பு ஊசிகள் போன்ற கூடுதல் சிகிச்சைகளை அடுத்த முறைக்குச் சொன்னால், பெரும்பாலானவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளில் கூறியிருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உறைய வைத்த கரு மீதமிருந்தால் மீண்டும் ஊசிகளும் மயக்கமும் தேவையில்லை. ஒன்றிரண்டு மாதவிலக்குகளுக்குப் பிறகு நேராகக் கரு வைக்கும் கட்டத்துக்கே வரலாம். அதுவரை உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்; "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், அந்தக் கேள்வி எப்போதும் மனைவியிடமே வந்து நிற்காது.